எல்லாரும் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும்னு சட்டம் இல்லன்னா பிரீமியம் நிஜமாவே எகிறுமா?

நவம்பர் 8, 2025, சாயங்காலம் (நியூ ஜெர்சி எடிசன்ல இருந்து ஒரு தம்பி கேட்டது)

வயசு 28, கல்யாணம் ஆகல, சுகர் பிபி எதுவும் கிடையாது. இந்த மார்ச்ல இருந்து சொந்தமா கன்சல்டிங், 1099-ல, அதாவது சம்பளக்காரனா இல்லாம. வருஷத்துக்கு 66,000 டாலர் கிட்ட வரும். 2026-க்கு எக்ஸ்சேஞ்ச்ல, அதான் அரசாங்கத்தோட இன்சூரன்ஸ் சந்தையில, பார்த்தா ரேட் கம்மியான ப்ரான்ஸ் பிளானே மாசம் 430 டாலர் காட்டுது, அதுலயும் டிடக்டிபிள் (கம்பெனி காசு தர்றதுக்கு முன்னாடி நாமளே கட்டற தொகை) கட்டி முடிக்கறதுக்குள்ள நான் செத்தே போயிடுவேன் போல. எடுக்கலன்னா நியூ ஜெர்சி ஸ்டேட் ஃபைன் போடுமாம். டெக்சஸ்ல இருக்கற ஃபிரண்டு சிரிக்கறான், "அந்த ஃபைன் எல்லாம் 2019-லயே போயாச்சுடா"ன்னு. கட்டாயம் இல்லன்னா எல்லாருக்கும் பிரீமியம் ஏறிடும்னு சொல்றாங்களே, அது உண்மையா, இல்ல என்னை மாதிரி ஆளுங்ககிட்ட காசு புடுங்க சொல்ற கதையா? அண்ணனுங்க யாராவது சொல்லுங்க.

நவம்பர் 8, 2025, இரவு

ரெண்டும் உண்மை தம்பி. கதையும் இருக்கு, உன்கிட்ட காசும் புடுங்கறாங்க. கொஞ்சம் நேரம் கிடைக்கறப்ப விவரமா எழுதறேன், இப்போதைக்கு ஃபைன் கணக்கு மட்டும்.

ஒபாமாகேர் சட்டத்தோட ஃபெடரல் ஃபைன் 2014-ல ஆரம்பிச்சுச்சு. முதல் வருஷம் ஆளுக்கு 95 டாலர் இல்லன்னா வருமானத்துல 1 சதவீதம், எது அதிகமோ அது. 2016-ல அது 695 இல்லன்னா 2.5 சதவீதம்னு ஆச்சு. 2017 டிசம்பர்ல டிரம்ப் கையெழுத்துப் போட்ட வரிச் சட்டம் அந்தத் தொகைய பூஜ்யமாக்குச்சு, 2019 ஜனவரி 1-ல இருந்து. அதாவது எடுக்கணும்ங்கற விதி சட்டப் புத்தகத்துல இன்னும் இருக்கு, எடுக்கலன்னா அபராதம் பூஜ்யம். இந்த மாதிரி ஒரு சட்டத்தை நம்ம ஊர் ஹெல்மெட் விஷயத்துல கூட பார்த்ததில்ல. அதே 2019-ல இருந்து நியூ ஜெர்சியோட சொந்த சட்டம் அமலுக்கு வந்துச்சு, கணக்கு கிட்டத்தட்ட பழைய ஃபெடரல் கணக்கேதான். உன் 66,000-க்கு பத்தாயிரம் கழிச்சு மீதிக்கு 2.5 சதவீதம் போட்டா 1,400 வரும். ப்ரான்ஸ் பிளானுக்கு வருஷத்துக்கு 5,160. நீ என்ன யோசிக்கறன்னு எனக்குத் தெரியும்.

நவம்பர் 9, 2025, காலை

"அப்ப 1,400 கட்டிட்டு ஜாலியா இருந்துடலாம்ல" ன்னு எதிர்பார்த்த மாதிரியே கேட்டுட்டான். இரு, இந்த ஸ்டேட்ல என்ன நடந்துச்சுன்னு முதல்ல கேளு. நீ அப்ப பொறந்திருக்கவே மாட்ட.

1993-ல நியூ ஜெர்சி ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. தனிநபர் பாலிசி விக்கற கம்பெனி யாரையும் நோயைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது, கேன்சர் வந்தவனுக்கும் வராதவனுக்கும் ஒரே ரேட்டுங்கற சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தாங்க. கட்டாயம் எதுவும் வைக்கல, மானியமும் பெருசா நிக்கல. ஆரம்பத்துல ஜனங்க சேர்ந்தாங்க, 1995 கடைசியில 1,86,000 பேர் கிட்ட. அப்புறம் நோய் இருக்கறவன் விடாம பிடிச்சுக்கிட்டான், நல்லா இருக்கறவன் ஒவ்வொருத்தனா கழண்டான், மிச்சம் இருக்கறவங்க செலவு தலைக்கு ஏறுச்சு, ரேட் ஏறுச்சு, ரேட் ஏறினதும் இன்னும் கொஞ்சம் பேர் கழண்டாங்க. 2001 கடைசியில 85,000 பேர்தான் மிச்சம்.

அந்த 2001-லதான் எனக்கு வேலை போச்சு. டாட்காம் புட்டுக்கிட்ட நேரம், பெரியவளுக்கு மூணு வயசு, சின்னவ வயித்துல. தனியா பாலிசி எடுக்கலாம்னு ரேட் ஷீட்ட வாங்கிட்டு வந்து டைனிங் டேபிள்ல வச்சுப் பார்த்தோம், குடும்பத்துக்கு மாசம் ஆயிரத்த தாண்டி. வீட்டு வாடகையே அப்ப அவ்ளோ கிடையாது. கடைசியில கோப்ரா எடுத்தோம். வேலை போனப்புறமும் 18 மாசம் அதே கம்பெனி பாலிசிய வச்சுக்கலாம், ஆனா முதலாளி கட்டின பங்கையும் சேர்த்து நாமளே கட்டணும், மேல 2 சதவீதம் கூலி. அதுவே சல்லிசா இருந்துச்சுன்னா பாத்துக்க.

வாஷிங்டன் ஸ்டேட்ல இதைவிட மோசம். 1993-ல கட்டாயத்தோட சேர்த்து சட்டம் போட்டு, 1995-ல கட்டாயத்தை மட்டும் தூக்கிட்டு "யாரையும் மறுக்கக் கூடாது"ங்கறத விட்டு வச்சாங்க. 1999 முடியறப்ப அநேகமா எந்த கவுண்டியிலயும் புதுசா தனிநபர் பாலிசி விக்க கம்பெனியே இல்ல. காசு கையில வச்சுக்கிட்டு நின்னாலும் கிடைக்காது.

அதனால, "எல்லாரையும் ஒரே ரேட்டுக்கு சேத்துக்கோ"ங்கற விதிய மட்டும் தனியா போட்டா பிரீமியம் எகிறும். இதுல எனக்கு சந்தேகமே கிடையாது, கண்ணால பார்த்தது.

நவம்பர் 9, 2025, மத்தியானம்

நியூயார்க்கும் அதே காலத்துல அதே கதை. அங்க வயசுக்குக் கூட வித்தியாசம் கிடையாது, இருபது வயசுக்காரனுக்கும் அறுபதுக்கும் ஒரே ரேட், இன்னைக்கும் அப்படித்தான். 2013-ல மாசம் ஆயிரம் டாலர் கொடுத்துட்டிருந்தவங்களுக்கு 2014 எக்ஸ்சேஞ்ச்ல 308-ல இருந்து பிளான் இருக்குன்னு அப்ப செய்தி வந்துச்சு. ரேட் பாதிக்கு மேல விழுந்துச்சு. ஆனா கட்டாயமும் மானியமும் ஒண்ணா வந்த வருஷம் அது, எது எவ்வளவு இழுத்துச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. இதை ஞாபகம் வச்சுக்க, பின்னாடி தேவைப்படும்.

நவம்பர் 9, 2025, இரவு 11 மணி

சுருக்கமா சொல்லுங்கண்ணேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். மொய் எழுதாதவன் பந்தியில முதல் வரிசையில உக்காந்தா என்ன ஆகும்? அதான்.

நவம்பர் 11, 2025

இந்த இழையில டெக்சஸ்காரர் ஒருத்தர் கேட்ட கேள்வி நியாயமானது, அதுக்கு மொய்யை வச்சு பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் சொல்றது: "2019-ல ஃபைன் போச்சு, மார்க்கெட் சரியும்னு சொன்னீங்க, சரியலயே."

ஆமா சரியல. காங்கிரஸோட பட்ஜெட் ஆபீஸ் 2017 நவம்பர்ல கொடுத்த கணக்குல, ஃபைன் போனா தனிநபர் பிரீமியம் 10 சதவீதம் வாக்குல கூடும், 2027-க்குள்ள 1 கோடியே 30 லட்சம் பேர் இன்சூரன்ஸ் இல்லாம போவாங்கன்னு இருந்துச்சு. நடந்தது? 2019-ல எக்ஸ்சேஞ்ச்ல இருக்கற சராசரி சில்வர் (நடுத்தர பிளான்) ரேட் கொஞ்சம் இறங்குச்சு. 2020-ல இன்னும் கொஞ்சம். 2021-ல இன்னும் கொஞ்சம்.

இதுக்குப் பின்னாடி ஒரு விஷயம் இருக்கு, அத சொல்லாம விடறாங்க. 2017 அக்டோபர்ல கம்பெனிகளுக்குக் கொடுத்துட்டிருந்த ஒரு பணத்தை, அதாவது வருமானம் கம்மியா இருக்கறவங்க டிடக்டிபிள குறைக்கறதுக்கான ஈட்டை, டிரம்ப் நிறுத்தினாரு. கம்பெனிங்க பயந்துபோய் 2018 ரேட்ட ஒரே அடியா மூணுல ஒரு பங்குக்கு மேல ஏத்திட்டாங்க. ஃபைன் போகப்போகுதுங்கற பயமும் அதுலயே கொஞ்சம் சேர்ந்திருந்துச்சு. ஏத்தி வச்ச உயரத்துல இருந்து இறங்கினதத்தான் நாம 2019-ல பார்த்தோம். கம்பெனி வாங்கற பிரீமியத்துல 80 சதவீதம் வைத்தியத்துக்கு செலவு பண்ணலன்னா மிச்சத்த திருப்பிக் கொடுக்கணும்னு விதி. அந்த நேரத்துல எத்தனையோ பேர் வீட்டுக்கு ரிபேட் செக் வந்துச்சு.

அதுக்கும் மேல, சேர்ந்தவங்கள்ல பெரும்பாலானவங்க மானியத்துல இருந்தாங்க. மானியம் எப்படி வேலை செய்யுதுன்னா, உன் வருமானத்துல இத்தனை சதவீதத்துக்கு மேல நீ கட்ட வேணாம், மிச்சத்த அரசாங்கம் கட்டும். ரேட் எகிறினாலும் அவங்க கையில இருந்து போறது எகிறாது. அவங்க ஏன் விலகணும்? ஃபைன் இருந்தாலும் இல்லாட்டியும் அவங்க இருந்தாங்க. ஃபைனுக்காக இருந்தது மானியம் கிடைக்காத உன்னை மாதிரி, என்னை மாதிரி ஆளுங்க.

நவம்பர் 12, 2025

நேத்து எழுதினத திரும்ப படிச்சேன். அப்ப கட்டாயமே வேண்டாம், மானியம் போதும்னு நான் சொல்ற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. குறைஞ்சது இந்த ஸ்டேட்ல இல்ல. 2019-ல நியூ ஜெர்சியில ரேட் சராசரியா 9 சதவீதம் இறங்குச்சு, அதுக்கு சொந்த ஃபைனும் ரீஇன்சூரன்ஸும் காரணம்னு இன்சூரன்ஸ் டிபார்ட்மென்ட் சொல்லுச்சு. ரீஇன்சூரன்ஸ்னா பெரிய பெரிய பில் வர்ற நோயாளியோட செலவுல ஒரு பகுதிய ஸ்டேட் ஏத்துக்கும், கம்பெனிக்கு பயம் குறையும், ரேட் குறையும். ஃபைன்ல வர்ற காசும் இந்த ரீஇன்சூரன்ஸுக்குத்தான் போகுது. நீ கட்டற 1,400 அரசியல்வாதி பாக்கெட்டுக்குப் போகல தம்பி, பக்கத்து வீட்டுக்காரன் டயாலிசிஸுக்குப் போகுது. கேக்க கடுப்பாத்தான் இருக்கும்.

நவம்பர் 14, 2025

சரி, பக்கத்து வீட்டுக்காரன் ஏன், எங்க வீட்டு விஷயத்தையே சொல்றேன். இதை எழுதலாமா வேணாமான்னு வீட்ல கேட்டேன், "எழுதுங்க, எங்கம்மா பேர மட்டும் போடாதீங்க"ன்னா.

மாமியார் முன்னாடி எல்லாம் விசிட்டர் விசாவுல வருவாங்க, ஆறு மாசம் இருந்துட்டுப் போவாங்க. அப்ப விசிட்டர் இன்சூரன்ஸ்னு ஒண்ணு வாங்குவோம், இங்க இருக்கற எல்லாருக்கும் அது தெரியும். அதுல பழைய நோய் எதுக்கும் பைசா கிடையாது. ஒரு தடவை ராத்திரி மூச்சுத் திணறல்னு எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயி, ஒரு ராத்திரி வச்சிருந்து ஈசிஜி, ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுத்து காலைல அனுப்பிட்டாங்க. ஊர்ல சாப்பிட்டுட்டிருந்த பிபி மாத்திரை பேர டிரையேஜ் நர்ஸ் கிட்ட ஒப்பிச்சது நான்தான், அந்த ஒரு வரியக் காட்டி இன்சூரன்ஸ்காரன் "பழைய நோய்"னு சொல்லி கைய விரிச்சிட்டான். பில்ல பேரம் பேசி, மாசத் தவணையா கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு.

அப்புறம் கிரீன் கார்டு வந்துச்சு, அப்ப அவங்களுக்கு 66. மெடிகேர், அதான் 65 வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ், கிடைக்க இங்க அஞ்சு வருஷம் தொடர்ந்து இருந்திருக்கணும். அதுவரைக்கும் எக்ஸ்சேஞ்ச்ல நோய் பாக்காம பாலிசி கொடுத்தாங்க. சட்டப்படி வயசானவங்களுக்கு இருபத்தொரு வயசுக்காரனவிட மூணு மடங்குக்கு மேல ரேட் போடக் கூடாது. நிஜத்துல செலவு அஞ்சு மடங்கு கிட்ட. எங்க மாமியாருக்கு அதுக்கும் மேல, ஏன்னா ரெண்டாவது வருஷமே ரெண்டு முழங்காலும் மாத்தியாச்சு. வந்த பேப்பர இன்னும் வச்சிருக்கேன். முதல் காலம் ஆஸ்பத்திரி போட்ட தொகை, ஒரு காலுக்கே எண்பதாயிரத்துக்கு மேல. ரெண்டாவது காலம் கம்பெனி ஒத்துக்கிட்டது, அதுல பாதிகூட இல்ல. மூணாவது காலம் நாங்க கட்ட வேண்டியது, டிடக்டிபிள்ல மிச்சம் இருந்த சில நூறு டாலர். மாமியார் கண்ணாடிய மாட்டிக்கிட்டு முதல் காலத்த மட்டும் பாத்துட்டு, "இந்தக் காசுக்கு தஞ்சாவூர்ல ஒரு மனை வாங்கியிருக்கலாமே"ன்னாங்க.

மாமியார் கட்டின பிரீமியத்துக்கும் கம்பெனி செலவு பண்ணினதுக்கும் இருக்கற வித்தியாசத்தை யார் கட்டினா? எல்லாரும் சேர்ந்து கட்டற அந்தப் பொதுப் பணத்துல மாசாமாசம் கட்டிட்டு டாக்டர் பக்கமே போகாத பசங்க. நீதான். உனக்கு எங்க குடும்பத்துல இருந்து நன்றி, நிஜமாவே.

நவம்பர் 14, 2025, சாயங்காலம்

"அப்ப உங்க சுயநலத்துக்குத்தான் கட்டாயம் வேணும்ங்கறீங்க"ன்னு வந்துட்டாங்க. ஆமா. யாரு இல்லன்னா?

நவம்பர் 16, 2025

டாக்டரம்மா ஒருத்தங்க எழுதினது முக்கியம், கீழ போயிடக் கூடாதுன்னு இங்க திரும்ப சொல்றேன். 1986-ல வந்த ஃபெடரல் சட்டப்படி எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும், காசு இருக்கோ இல்லையோ, ஆளை நிலைப்படுத்தாம ஆஸ்பத்திரி வெளிய அனுப்ப முடியாது. அதனால "நான் இன்சூரன்ஸ் எடுக்கல, யாருக்கும் தொந்தரவு இல்ல"ங்கறது முழுசா உண்மை இல்ல. எடிசன் பக்கம் ரூட் ஒண்ணு ஹைவேயில அடிபட்டு விழுந்தா உன்னைத் தூக்கிட்டு வந்து தச்சு அனுப்பத்தான் போறாங்க, அந்த பில் வராக்கடனா எங்கயோ ஏறும்.

ஆனா டாக்டரம்மா, அதை வச்சு மட்டும் பிரீமியம் ஏறுதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். இன்சூரன்ஸ் இல்லாதவங்க பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கே போகாம தள்ளிப் போடறாங்க. நீங்களே சொல்லியிருக்கீங்க, சுகர் கால்ல ஏறினப்புறம்தான் வராங்கன்னு.

நவம்பர் 16, 2025, இரவு

இந்தத் தள்ளிப் போடறத பத்தி ஒண்ணு சொல்லணும், படிச்சதுல இருந்து மறக்கவே முடியல. 2017 ஆரம்பத்துல வரித்துறை ஐஆர்எஸ், ஃபைன் கட்டின வீடுகளுக்கு "நீங்க ஃபைன் கட்டியிருக்கீங்க, இன்சூரன்ஸ் இப்படி இப்படி வாங்கலாம்"னு ஒரு லெட்டர் அனுப்புச்சு. மொத்தம் 45 லட்சம் வீடு, பட்ஜெட் பத்தாம 39 லட்சத்துக்குத்தான் அனுப்பினாங்க. யாருக்கு அனுப்பாம விடறதுன்னு குலுக்கல் மாதிரி எடுத்தாங்க. இதை வச்சு பின்னாடி ஆராய்ச்சி பண்ணினவங்க பார்த்தா, லெட்டர் போன வீட்ல அதிகம் பேர் இன்சூரன்ஸ் எடுத்திருக்காங்க, 45-ல இருந்து 64 வயசுக்காரங்கள்ல சாவே குறைஞ்சிருக்கு, லெட்டர் போன 1,648 பேருக்கு ஒரு சாவுங்கற கணக்குல. ஒரு தபால்ல.

ஃபைன் தொகையவிட "இப்படி ஒண்ணு இருக்கு, வாங்கு"ன்னு யாரோ மண்டையில தட்டறதுதான் பாதி வேலைய செய்யுதோன்னு எனக்குத் தோணுது. மாசசூசெட்ஸ்ல 2006-லயே ராம்னி கவர்னரா இருந்தப்ப கட்டாயம் கொண்டு வந்தாங்க. ஃபைன் அமலுக்கு வந்த 2007 கடைசியில ஆரோக்கியமானவங்க சேர்றது திடீர்னு கூடுச்சு. முதல் வருஷ ஃபைன் என்னமோ சொற்பம். இன்னைக்கு நாட்டுலயே இன்சூரன்ஸ் இல்லாதவங்க சதவீதம் குறைவா இருக்கற ஸ்டேட் அதுதான், அதிகமா இருக்கறது டெக்சஸ். டெக்சஸ்காரர் கோவிச்சுக்க வேணாம்.

நவம்பர் 19, 2025

கோவிச்சுக்கிட்டார். "டெக்சஸ்ல மெடிகெய்ட, அதான் ஏழைங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ, விரிவாக்கல, அதான் காரணம், ஃபைன் இல்லாததால இல்ல"ன்னு. சரிதான், அதுவும் பெரிய காரணம். "சுதந்திர நாட்டுல இதை வாங்குன்னு அரசாங்கம் எப்படி சொல்லலாம்"னும் கேட்டிருக்கார். 2012-ல சுப்ரீம் கோர்ட்ல இதேதான் கேட்டாங்க. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், வாங்குன்னு கட்டளை போட அதிகாரம் இல்ல, ஆனா வாங்காதவனுக்கு வரி போட அதிகாரம் உண்டுன்னு எழுதி 5-க்கு 4-ல சட்டத்தைக் காப்பாத்தினாரு. இன்னொரு வேடிக்கை, இந்தக் கட்டாய யோசனைய 1989-ல முன்வச்சது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன். வலதுசாரி ஆளுங்க. பொறுப்பில்லாம திரியறவன் பில்ல நாங்க ஏன் கட்டணும்ங்கறது அவங்க வாதம். இருபது வருஷத்துல கட்சி மாறிப் போச்சு.

நவம்பர் 23, 2025

நிறைய பேர் தனியா மெசேஜ் பண்ணி கேட்டது 2026 பத்தி. இதுல உண்மையிலேயே பெரிய விஷயம் ஃபைன் இல்ல. 2021-ல கொரோனா நேரத்துல மானியத்த கூட்டினாங்க, யாரும் வருமானத்துல 8.5 சதவீதத்துக்கு மேல கட்ட வேணாம்னு. எக்ஸ்சேஞ்ச்ல 2025-ல 2 கோடியே 40 லட்சம் பேர் சேர்ந்தாங்க, இதுவரைக்கும் இல்லாத எண்ணிக்கை, அதுவும் ஃபெடரல் ஃபைன் பூஜ்யமா இருக்கறப்பவே. அந்தக் கூடுதல் மானியம் டிசம்பர் 31-ஓட முடியுது. அக்டோபர்ல கவர்மெண்ட் ஷட்டவுன் ஆனதே இதுக்குத்தான்.

முடிஞ்சா பழைய விதி திரும்ப வரும்: வறுமைக் கோட்டுல நாலு மடங்கு, தனி ஆளுக்கு 62,600 டாலர், அதுக்கு மேல ஒரு டாலர் போனாலும் ஃபெடரல் மானியம் சுத்தமா கிடையாது.

தம்பி, நீ 66,000. உனக்கு ஒரு வழி இருக்கு. 2026-ல இருந்து எக்ஸ்சேஞ்ச்ல இருக்கற ப்ரான்ஸ் பிளான் எல்லாத்துக்கும் எச்எஸ்ஏ, அதான் வைத்தியச் செலவுக்கு வரி இல்லாம சேமிக்கற அக்கவுண்ட், திறக்கலாம், தனி ஆளுக்கு 4,400 வரைக்கும் போடலாம். அது ஃபெடரல் வருமானத்துல கழியும், 61,600 ஆயிடும், அந்த 62,600 கோட்டுக்குக் கீழ வந்துடுவ. நியூ ஜெர்சி மட்டும் எச்எஸ்ஏவ மதிக்காது, ஸ்டேட் வரி கட்டித்தான் ஆகணும்.

நவம்பர் 24, 2025

ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன், அந்த எச்எஸ்ஏ கணக்கு தம்பிக்கு பெருசா ஒண்ணும் தராது. கோட்டுக்குக் கீழ வந்தாலும் அந்த வருமானத்துக்கு 9.96 சதவீதம் வரைக்கும் அவனே கட்டணும், மாசம் 511. அவன் வயசுக்கு சில்வர் ரேட்டே கிட்டத்தட்ட அவ்ளோதான் இருக்கும், மானியம் சில்லறைதான் தேறும். அதே கோட்டுல நிக்கற அறுபது வயசுக்காரனுக்கு ரேட் ரெண்டரை மடங்கு, அவனுக்கு அந்த ஒரு டாலர் வித்தியாசம் வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல. எனக்கு 59. இந்தக் கணக்கு எனக்குத்தான் அத்துப்படி, ஏன்னு புரியுதா.

இதுல இருந்து இன்னொண்ணும் தெரியுது. மானியம் வயசானவங்களத்தான் பலமா இழுக்குது, இருபத்தெட்டு வயசுக்காரனுக்கு அதுல ஈர்ப்பே இல்ல. அவனை உள்ள கொண்டு வர்றதுக்கு ஃபைன் தவிர வேற எதுவும் இல்லாம போச்சு. 11-ஆம் தேதி நான் மானியத்துக்கு கொடுத்த மார்க்க கொஞ்சம் குறைச்சுக்கறேன்.

தம்பி, நீ முப்பதுக்குள்ள இருக்கறதால கெடஸ்ட்ரோஃபிக் பிளானும் (பெரிய செலவுக்கு மட்டும் கை கொடுக்கறது) பாரு. அதுவும் கட்டாயத்துக்கு செல்லும். ஸ்டேட் தனியா ஒரு உதவி தருது, அது வறுமைக் கோட்டுல ஆறு மடங்கு வரைக்கும் உண்டு, ஆனா அது கெடஸ்ட்ரோஃபிக்குக்கு வராது. ரெண்டையும் போட்டுப் பாத்து எது கம்மியோ எடு.

நவம்பர் 30, 2025

தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சு வந்து பார்த்தா இழை ஊருக்குப் போயிடுச்சு. "நம்ம தமிழ்நாட்ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009-லயே வந்துச்சு, பிரீமியமே கட்ட வேணாம், அமெரிக்காக்காரனுக்கு இது புரியல"ன்னு ஒருத்தர். அண்ணே, அது வரிப்பணத்துல அரசாங்கம் கட்டற பிரீமியம், வருமான வரம்பு இருக்கு. அதுவும் ஒரு விதத்துல எல்லாரையும் கட்டாயமா சேர்த்ததுதான், வரி மூலமா.

நம்ம ஊர்ல தனியா வாங்கற பாலிசியில கட்டாயம் கிடையாது, அதுக்கு பதிலா காத்திருப்புக் காலம். ஏற்கனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் கவர் இல்லாம வைக்கலாம், 2024-க்கு முன்னாடி நாலு வருஷம். திருச்சியில எங்கப்பாவுக்கு பாலிசி எடுத்தப்ப சுகர் இருக்குன்னு சொன்னதும் ஏஜென்ட் பேனாவ மூடி வச்சிட்டு, "சார், இதை எழுதாம விட்டுடலாமா"ன்னு கேட்டார். அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஏஜென்ட் அன்னைக்கு வாங்கின பாடம் ரெண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

நான் சொல்ல வர்றது, நோய் வந்தப்புறம் ஓடி வந்து வாங்கறவனத் தடுக்க எல்லா ஊர்லயும் ஏதோ ஒரு பூட்டு இருக்கு. அமெரிக்காவுல நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மட்டும் கதவு திறக்கறதும் ஒரு பூட்டுதான். பிப்ரவரியில கட்டி வந்துதுன்னா கல்யாணம், குழந்தை, வேலை போச்சு, இப்படி ஏதாவது இல்லாம அடுத்த ஜனவரி வரைக்கும் காத்திருக்கணும். தம்பி 1,400 கட்டிட்டு ஜாலியா இருக்கலாம்னு போடற கணக்குல இது வரவே இல்ல.

டிசம்பர் 3, 2025

மெடிகேர்ல இன்னொரு வழி இருக்கு, எனக்கு அது ஃபைனவிடப் பிடிக்கும். பார்ட் பி (டாக்டர் செலவுக்கான பகுதி) எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்காம விட்டா, தள்ளிப்போட்ட ஒவ்வொரு பன்னிரண்டு மாசத்துக்கும் பிரீமியத்துல 10 சதவீதம் கூட, ஆயுசு முழுக்க. யாரும் கட்டாயப்படுத்தல, ஆனா அநேகமா எல்லாரும் எடுத்துடறாங்க. 2017-ல ரிபப்ளிகன் கையில இருந்த ஹவுஸ் (கீழ்சபை) பாஸ் பண்ணின மசோதாவுல கூட ஃபைனுக்கு பதிலா, 63 நாளுக்கு மேல இடைவெளி விட்டவன் திரும்ப வந்தா ஒரு வருஷத்துக்கு 30 சதவீதம் கூட கட்டணும்னு இருந்துச்சு. ஒரு வருஷம்ங்கறது ரொம்ப லேசு. அதுவுமில்லாம ஒரு தடவை விட்டுட்டவன் அந்த 30-க்கு பயந்து நோய் வர்ற வரைக்கும் திரும்பி வரவே மாட்டான். மெடிகேர்ல வேலை செய்யுதுன்னா அறுபத்தஞ்சு வயசுல எல்லாருக்கும் சாவு பயம் இருக்கு, அதான். இருபத்தெட்டுல ஏது.

டிசம்பர் 7, 2025

ஸூரிக்ல இருந்து ஒரு அக்கா: "இங்க 1996-ல இருந்து எல்லாரும் எடுத்தே ஆகணும், எடுக்கலன்னா அரசாங்கமே ஒரு கம்பெனியில சேத்து விட்டுடும், ஆனாலும் பிரீமியம் வருஷாவருஷம் ஏறுது."

இதுதான் இந்த இழையிலயே நல்ல எதிர்வாதம், டெக்சஸ்காரர் நோட் பண்ணிக்கலாம். சுவிஸ்ல 2024-ல சராசரி 8.7 சதவீதம் ஏறுச்சு, 2025-ல 6. பிரீமியம் வருமானத்துல 10 சதவீதத்தை தாண்டக் கூடாதுன்னு 2024 ஜூன்ல ஓட்டுக்கு விட்டாங்க, ஜனங்களே வேணாம்னுட்டாங்க. அங்க கட்டாயத்துல ஓட்டையே கிடையாது, அப்பவும் ஏறுதுன்னா ஏத்தறது வேற ஒண்ணு. ஆஸ்பத்திரி, மருந்து, வயசாகற ஜனத்தொகை. மாசசூசெட்ஸும் அப்படித்தான், கம்பெனி வழியா எடுக்கற குடும்ப பிரீமியம் நாட்டுலயே மேல் வரிசையில.

கட்டாயம்ங்கறது பில்ல எத்தனை பேர் பங்கு போட்டுக்கறதுங்கறதத்தான் மாத்தும். எங்க மாமியார் பேப்பர்ல இருந்த முதல் காலத்து எண்பதாயிரம் எப்படி வந்துச்சுன்னு அது கேக்கவே கேக்காது. அதே முழங்கால், அதே வேலை, அரை மணி நேர தூரத்துல இருக்கற இன்னொரு ஆஸ்பத்திரியில எவ்ளோன்னு சர்ஜரிக்கு முன்னாடி நான் போன் பண்ணிக் கேட்டேன். நாலு பேர்கிட்ட மாத்தி மாத்தி போன கொடுத்துட்டு கடைசியில "இன்சூரன்ஸ் கம்பெனியக் கேளுங்க"ன்னாங்க. கம்பெனியில "ஆஸ்பத்திரியக் கேளுங்க"ன்னாங்க.

டிசம்பர் 12, 2025

நேத்து செனட்ல கூடுதல் மானியத்த மூணு வருஷம் நீட்டிக்கற மசோதா 60 ஓட்டு கிடைக்காம விழுந்துடுச்சு. இனிமே நியூ ஜெர்சியில ஃபைன் இருக்கு, பெரிய மானியம் இல்ல. டெக்சஸ்ல ரெண்டும் இல்ல. எது தாங்குதுன்னு ஒரு ரெண்டு வருஷத்துல தெரிஞ்சுடும். என் பந்தயம் நியூ ஜெர்சி மேலதான், ஆனா இங்கயும் வலிக்கும், 59 வயசுக்காரன் சொல்றேன். வலி தாங்காம ஃபைன தூக்குங்கன்னு ஸ்டேட் தலைநகர் ட்ரெண்டன்ல யாராவது கிளம்பினா 1993 கதைய இன்னொரு ரவுண்டு பாக்கலாம்.

ஸூரிக் அக்கா சொன்னதுக்கு அப்புறம் ஒரு திருத்தம் மட்டும். தலைப்புல தம்பி கேட்டதுக்கு "ஆமா எகிறும்"னு முதல் வாரம் சொல்லிட்டிருந்தேன். ஒரே ரேட்டு விதி இருந்து மானியமும் இல்லன்னா எகிறும். மானியம் கனமா இருந்தா கட்டாயம் இல்லாமலே வண்டி ஓடும், ஆனா முழு விலை கட்டறவன் கதி அதோகதி. ரெண்டும் இருந்தாலும் ஆஸ்பத்திரி விலை ஏறற வேகத்துலதான் பிரீமியமும் ஏறும்.

டிசம்பர் 29, 2025

தம்பி ப்ரான்ஸே எடுத்துட்டானாம், ஸ்டேட் உதவி கழிச்சு முன்ன காட்டினதவிட கொஞ்சம் கம்மியா வந்துச்சாம். இன்னும் எடுக்காதவங்க ஜனவரி 1-ல இருந்து கவர் வேணும்னா 31-ஆம் தேதிக்குள்ள முடிங்க. அதை விட்டாலும் நியூ ஜெர்சியில ஜனவரி 31 வரைக்கும் டைம் இருக்கு, கவர் பிப்ரவரியில ஆரம்பிக்கும். மாமியார் மாமனார் கிரீன் கார்டுல வந்திருக்கறவங்க, போன வருஷ பிளான் தானா ரினியூ ஆயிடும்னு விட்டுடாதீங்க, மானியத் தொகை மாறியிருக்கும், லாகின் பண்ணிப் பாருங்க. பாஸ்வேர்ட் மறந்துபோய் போன் பண்ணினா லைன் கிடைக்க நேரமாகும், சாப்பிட்டுட்டு உக்காருங்க.